பழைய அச்சுப்பொறியும் பழுது பார்ப்பவரும்



மருத்துவரைக் கண்டறிவது நமக்கு எளிது. அவர் பட்டம் வாயிற் பலகையிலேயே எழுதப்பட்டிருக்கும். ஓர் அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகள் உழைத்த அச்சுப்பொறி ஒன்று திடீரென்று நின்றுவிட்டால், அதனைத் திறந்து பார்க்கத் தகுதியுடையவர் யார் என்று எங்ஙனம் அறிவது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. கேட்பதற்குச் சிறிய பொருள்தான். ஆயினும் இதனால் ஒரு நாள் வேலை கெடும். ஊழியர்களின் சம்பளப் பட்டியல் தாமதமாகும். சில வேளைகளில், சரக்கேற்றி வாயிலில் நிற்கும் லாரி நகர முடியாமல் நிற்கும்.

லாரிக்கும் அச்சுப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். அதனைச் சொல்லுமுன் ஊரைச் சொல்லிவிடுகின்றேன். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், செங்கற்பட்டை அடையுமுன் வருவது மறைமலைநகர். தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊர். அவ்வூர்ச் செய்தியைப் பேசும்போது ‘பிரிண்டர்’ என்றும் ‘ரிப்பன்’ என்றும் சொல்ல என் நாவு சற்றுக் கூசத்தான் செய்கின்றது. ஆனால் பழுது பார்ப்பவரிடம் ‘அச்சுத்தலை கெட்டுவிட்டது’ என்றால் அவர் விழிப்பார். ‘ஹெட்’ என்றால் உடனே பையை எடுத்துக்கொண்டு எழுவார். ஆகவே இரண்டையும் கலந்தே பேசுவேன்; அடிகள் பொறுத்தருள்வாராக.

அவ்வூரின் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகள் பல உள்ளன. பெரிய ஆலைகளுக்கு உறுப்புகள் செய்து கொடுப்பவை அவற்றுள் பல. இத்தகைய பட்டறைகளின் முன்னறையில் இன்றும் கறகறவென்று ஒலி எழுப்பும் புள்ளி அச்சுப்பொறியைக் காணலாம். டாட் மேட்ரிக்ஸ் என்பது அதன் வழக்குப் பெயர். இவர்கள் ஏன் இந்தப் பழம்பொருளைக் கட்டிக்கொண்டு அழுகின்றார்கள் என்று சிலர் நகைப்பர். நகைப்பவர்கள் விதியை அறியார். 2017-இல் வந்த சரக்கு, சேவை வரி விதிகளின்படி, சரக்கு விற்பனைக்கான விலைப்பட்டியல் மூன்று படிகளாக வேண்டும்: ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று சரக்கைக் கொண்டு செல்பவருக்கு, ஒன்று விற்பவருக்கு. மின்விலைப்பட்டியல் முறைக்குள் வராத சிறு நிறுவனங்களை இவ்விதி இன்றும் கட்டுப்படுத்துகின்றது. புள்ளி அச்சுப்பொறியோ ஊசிகளால் ரிப்பனை அடித்து எழுதுவது. அந்த அடி மேல்தாளை ஊடுருவிக் கீழ்த்தாள்களிலும் பதியும். ஒரே ஓட்டத்தில் மூன்று படியும் வந்துவிடும். ஒளியால் எழுதும் லேசர் பொறிக்கும் மை தெளிக்கும் பொறிக்கும் அந்த ஆற்றல் இல்லை. ஆகவே அப்பொறி நின்றால் பட்டியல் நிற்கும். பட்டியல் நின்றால் லாரி நிற்கும்.

இத்தகைய பொறி பழுதுற்றால், முதலில் அதனைச் செய்த நிறுவனத்தின் சேவை நிலையத்தை நாடுவதே முறை. ஆனால் பொறிக்கு வயது ஏற ஏற, அங்கே கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றுதான்: “அந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வருவதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.” இதில் அந்நிலையத்துப் பணியாளரைக் குறை கூறிப் பயனில்லை. மேலிடம் அனுப்பாததை அவர் எங்கிருந்து தருவார்? பொருளை வாங்கியவனுக்கு அதனைப் பழுது பார்க்கும் உரிமையும் உண்டு என்னும் கருத்து இப்போது உலகெங்கும் வலுப்பெற்று வருகின்றது. இந்திய அரசின் நுகர்வோர் துறையும் இதற்கென ஓர் இணையத் தளத்தை 2022 டிசம்பர் 24-ஆம் நாள் தொடங்கிவைத்தது. நல்ல தொடக்கமே. எனினும் வாயிலில் லாரி நிற்கும்போது நமக்கு வேண்டுவது தளம் அன்று, ஆள்.

அந்த ஆளின் தகுதியை நான் நேரில் கண்டறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். நண்பர் ஒருவருடைய பட்டறையில், பட்டியலின் எழுத்துகள் ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய வெண்கோடு விழலாயிற்று. முதலில் வந்த இளைஞர் தாளைப் பார்த்த மாத்திரத்தில், “ஹெட் போச்சு சார், மாத்தணும்” என்று ஒரு தொகையைக் கூறினார். நண்பர் தயங்கினார். அடுத்த நாள் செங்கற்பட்டிலிருந்து முதியவர் ஒருவர் வந்தார்.

“ஒரு பில் அடிச்சுக் காட்டட்டுமா அண்ணே?” என்றார் நண்பர்.

“வேண்டாம் தம்பி. முதல்ல கம்ப்யூட்டர் கேபிளைக் கழட்டுங்க.”

கேபிள் கழற்றப்பட்டது. தாள் நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே அவர் மின்சாரத்தைப் போட்டார். பொறி தானே எழுத்து வரிசைகளை அச்சிடத் தொடங்கிற்று. அந்த எழுத்துகளிலும் வெண்கோடு இருந்தது. இதனால் பழுது கணினியில் இல்லை, கேபிளில் இல்லை, பொறிக்குள்ளேதான் என்பது உறுதியாயிற்று. பின்னர் மல்டிமீட்டரை எடுத்தார். அப்பொறியின் தலையில் ஊசிகள் 9. ஒவ்வோர் ஊசியையும் இயக்க ஒரு கம்பிச்சுருள். ஒன்பதையும் ஒவ்வொன்றாக அளந்தார். எட்டுச் சுருள்கள் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின. ஒன்று மட்டும் அறுந்திருந்தது.

அப்படியானால் முதலில் வந்த இளைஞர் சொன்னதும் சரிதானே என்று நினைத்தேன். முதியவர் அங்கே நிற்கவில்லை. அந்தச் சுருளுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரையும் சோதித்தார். அது உள்ளே ஒட்டிக்கொண்டு, மூடாத குழாய்போல இடைவிடாது மின்சாரத்தைப் பாயவிட்டுக்கொண்டிருந்தது. சுருள் எரிந்ததற்குக் காரணம் அதுவே. அதனை மாற்றாமல் புதிய தலையைப் பொருத்தியிருந்தால் அதுவும் எரிந்துபோயிருக்கும். நண்பர் இருமுறை பணம் இழந்திருப்பார். கெட்டது எது என்பதைக் காண்பது ஒரு திறமை. அது ஏன் கெட்டது என்று மேலும் ஒருபடி செல்வது வேறு திறமை. நான் தகுதி என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

லேசர் பொறிக்கும் இத்தகைய சோதனை உண்டு. உங்கள் கணிதப் பாடமே அதற்குப் போதும். தாளில் ஒரு கறை மீண்டும் மீண்டும் விழுகின்றதா? இரு கறைகளுக்கு இடையே உள்ள தொலைவை அளந்து பாருங்கள். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் கடக்கும். கறைகள் 75 மில்லிமீட்டருக்கு ஒன்றாக விழுந்தால், அந்த விட்டமுள்ள உருளையே குற்றவாளி. அளவுகோலை எடுக்காமலே “டோனரை மாற்றுங்கள்” என்பவரை நான் நம்புவதில்லை.

மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். உப்புக் காற்று மின் இணைப்புகளை அரிக்கும். ஈரம் குடித்த தாள் சுருண்டு உள்ளே சிக்கும். தாள் சிக்குவதற்கெல்லாம் பொறியையே பழிப்பது முறையன்று. புதுக்கட்டுத் தாளைப் பிரித்து வைத்துப் பார்த்த பிறகே திருப்புளியை எடுப்பவர் அனுபவம் உடையவர்.

பழுதே இல்லாமல் சாகும் பொறிகளும் உண்டு. கணினியில் புதிய இயங்குதளம் வந்ததும், பழைய பொறியோடு பேசுவதற்குரிய ‘டிரைவர்’ என்னும் நிரல் அதில் கிடைக்காமற் போகின்றது. உடல் நலமாக இருக்கின்றது. ஆனால் மொழி அறிந்தவர் இல்லை. இதில் ஒரு வரலாறு உண்டு. 1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தின் ஆய்வகத்துக்கு ஸெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் அடிக்கடி சிக்கிற்று. அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், தாள் சிக்கியவுடன் உரியவருக்கு அறிவிக்கும்படி அதன் நிரலைத் திருத்த விரும்பினார். முந்தைய பொறிக்கு அவ்வாறே செய்திருந்தார். இப்பொறிக்கோ மூலநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த மனக்கசப்பும் சேர்ந்தே, 1983-இல் அவர் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவிக்கக் காரணமாயிற்று. அவ்வழி வளர்ந்த லினக்ஸ் அமைப்புகளில், பிற கணினிகள் கைவிட்ட அச்சுப்பொறிகள் பல இன்றும் இயங்குகின்றன. தாள் சிக்கியதால் பிறந்த நன்மை! பழுது பார்ப்பவரிடம் இந்த வழியைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். அறிந்தவராயின் அவர் மதிப்பு உயரும்.

சான்றிதழை நான் இகழ்பவன் அல்லேன். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னணு மெக்கானிக் பிரிவில் 2 ஆண்டுகள் பயின்றவர் மல்டிமீட்டரைப் பிடிக்கும் முறையே வேறாக இருக்கும். ஆனால் பழைய மாடல் ஒவ்வொன்றின் இயல்பும் கைப்பழக்கத்தால் வருவது. ஆகவே சான்றிதழோடு சில கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசியிலேயே மாடல் எண்ணைக் கேட்கின்றாரா? கழற்றிய பழைய உறுப்பை உங்கள் கையில் கொடுக்கின்றாரா? “இது இனி ஆகாது” என்று சொல்லும் துணிவு அவருக்கு உண்டா? ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவதாயின், உறுப்புகளின் விலையும் அதில் அடங்குமா என்று எழுத்தில் பெறுங்கள். அச்சுத்தலை அடங்காத ஒப்பந்தங்கள் பல. அதுவோ விலை மிக்க உறுப்பு.

உறுப்பு கிடைக்கும் இடமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்னை அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சித் தெரு இதற்குப் பெயர் பெற்றது. ஊசி மாற்றிப் புதுப்பித்த தலைகளும், நிறுவனங்கள் மறந்துவிட்ட பற்சக்கரங்களும் தேடுவோர்க்கு அங்கே அகப்படும். மறைமலைநகரில் மின்ரயில் ஏறினால் அரை நாளில் போய் வந்துவிடலாம்.

என் நண்பருக்கு வந்த முதியவர் அதற்கும் முன்னே தம் வீட்டுப் பரணைத் தேடினார். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய அதே மாடல் பொறிகள் இரண்டு அங்கே இருந்தனவாம். ஒன்றிலிருந்து தலை வந்தது, மற்றொன்றிலிருந்து டிரான்சிஸ்டர். மாலை நான்கு மணிக்குப் பட்டியல் மூன்று படிகளாக வெளிவந்தது, லாரியும் புறப்பட்டது.