பெற்றரியைக் குற்றம் சொல்ல முதல்

(தோட்ட உழவு மெசின் ஓட்டுநர்களுக்கும் உதவியாளர்களுக்கும் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் கதைக்க எடுத்துக்கொண்ட விடயம் பழைய உழவு மெசின்களில் பெற்றரிக்குச் சார்ஜ் ஏறாமல் போவது பற்றியது. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரைத் தென்னந்தோட்டங்களிலும், அந்தப் பக்கம் படுவான்கரை வட்டைகளிலும் மெஸி பேர்கஸன் 35உம் 135உம் இன்னும் ஓடுகின்றன. 35 அந்தப் பெயரில் வந்தது 1957இல். 135 வந்தது 1964இல். தகப்பன் ஓட்டிய மெசினை இன்று பேரன் ஓட்டுகிறான். 2022 நெருக்கடியில் உதிரிப்பாகம் என்ன விலைக்குப் போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே உள்ளதைக் காப்பாற்றப் பழக வேண்டும்.

முதலில் ஒன்று. டீசல் எஞ்சின் ஸ்ராட் ஆன பிறகு ஓடுவதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. டைனமோ செத்துக் கிடந்தாலும் நாள் முழுக்க உழுதுவிடும். அதனால்தான் பிழை நமக்குத் தெரிவதில்லை. அடுத்த நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டுந்தான். உடனே 'பெற்றரி போயிற்று' என்று தீர்ப்பு! நாங்களும் அப்படித் தீர்ப்புச் சொன்னவர்கள்தான். ஒரு மாரியில் அடுத்தடுத்து இரண்டு புதுப் பெற்றரி வாங்கிப் போட்டோம். ஓட்டுநரைக் கவலையீனம் என்று ஏசினோம். கடைசியில் பார்த்தால், பொடியில் பூட்டிய தடித்த கம்பியின் அடியில் பச்சைக் களிம்பு. அதைச் சுரண்டித் துடைக்க இருபது நிமிடம் போனது. அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அதைவிட நாள் எடுத்தது.

எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் பாதையில் ஏற்றித்தான் வாவியைக் கடந்தோம். பாலம் வந்தும் உப்புப் போகவில்லை. செம்பும் ஈயமும் இரும்பும் சேரும் இடமெல்லாம் களிம்பு பிடிக்கும். ஆகவே எந்தச் சாமானையும் கழற்ற முதல் பெற்றரி முனைகளையும் பொடிக் கம்பியையும் கழற்றி, அரத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். பூட்ட முதல் கிறீஸ் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், அது சரிவராது. களிம்பு போய்விட்டதா என்று அறிய, ஒருவர் ஸ்ராட்டரை அடிக்கும்போது பெற்றரியின் பொடி முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்தக் கம்பியில் இன்னும் பிழை.

பிறகு பெற்றரியைப் பாருங்கள். மெசின் ஓய்ந்து கிடக்கும்போது 12.6 வோல்ற் நல்ல பெற்றரி. 12க்குக் கீழே என்றால் பசியோடு கிடக்கிறது. இனி எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட விடுங்கள். மீற்றர் 14 வோல்ற் அளவுக்கு ஏற வேண்டும். ஏறாமல் நின்ற இடத்திலேயே நின்றால் சார்ஜ் வரவில்லை என்று முடிவு.

அப்போது பெல்ற்றை அமுக்கிப் பாருங்கள். அரை அங்குலம், முக்கால் அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கும். பெல்ற் சரியென்றால் டைனமோ. அதில் பெரிய முனை D, சின்ன முனை F. இரண்டு கம்பியையும் கழற்றி, இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். மீற்றரின் ஒரு கம்பி அந்த இணைப்பில், மற்றது பொடியில். எஞ்சினை மெதுவாக ஓட விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முள் ஆடாமல் சீராக ஏறினால் டைனமோ நல்லது. 20 வோல்ற்றைத் தாண்ட விட வேண்டாம், காயில் கருகும். ஒன்றுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் கரித் துண்டு தேய்ந்திருக்கும். ஒரு வோல்ற் அளவில் நின்றால் பீல்ட் காயில். நாலைந்தில் நின்றால் ஆர்மெச்சர், பாஸிடம் கொண்டு போங்கள்.

டைனமோ நல்லது, சார்ஜ் இல்லை என்றால் கட்-அவுட் பெட்டியையும் அதற்குப் போகும் கம்பிகளையும் பார்க்க வேண்டும். எலி கடித்த கம்பி எத்தனை கண்டோம்! பெட்டிக்குள்ளே பொயின்ற் ஒட்டிக்கொண்டால் மெசின் நின்ற பிறகும் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி ஓடும். காலையில் பெற்றரி வெறுமை, டைனமோவில் சூடு. இதுதான் அடையாளம். பொயின்ற்றைச் சுத்தம் செய்யலாம். ஸ்பிரிங்கை மட்டும் வளைக்காதீர்கள் மனே.

பிந்திய 135களில் ஓல்டனேற்றர் இருக்கும். அதற்கு மேலே சொன்ன D, F பரீட்சை வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பெற்றரியைக் கழற்றவும் வேண்டாம், டயோட் போய்விடும். முன்னுக்குள்ள சிவப்பு பல்ப் எரியாவிட்டால் முதலில் பல்ப்பை மாற்றிப் பாருங்கள். ஓல்டனேற்றரை எழுப்பும் மின்சாரம் அந்தப் பல்ப்புக்குள்ளால்தான் போகிறது.

இன்னொன்று. முந்தி இரவில் உழவு மெசினால் சூடு மிதித்த காலத்தில், லைற் எல்லாம் எரிய மெசின் ஊர்ந்து ஊர்ந்து களத்தைச் சுற்றும். டைனமோவுக்கு வேகம் வேண்டும். ஊர்ந்தால் லைற்றுக்கே போதாது. பழைய டைனமோக்களில் 11 அம்பியர் மட்டும் தருபவையும் உண்டு. 45 வோட் பல்ப் இரண்டு ஏழரை அம்பியரைக் குடித்துவிடும். இன்றைக்கும் பெட்டியில் மேலதிக லைற்றும் பாட்டுப் பெட்டியும் பூட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, நாங்கள் பயந்து சொல்வது. பெற்றரி இறங்கியதும் பலர் செய்வது, பக்கத்தில் நின்று ஸ்குறூ டிறைவரால் ஸ்ராட்டர் முனைகளைத் தொடுவது. கியர் நடுவில் இல்லாவிட்டால் ஸ்ராட் ஆகாதபடி செய்த காப்பு அப்போது வேலை செய்யாது. நீங்கள் நிற்பது பின் சில்லுக்கு முன்னால். கியரில் கிடந்தால் மெசின் உங்கள் மேலால்தான் போகும். உலகம் முழுக்க இப்படிச் செத்தவர்கள் உண்டு. நேரம் போனாலும் போகட்டும், சார்ஜ் ஏற்றிய பெற்றரியைக் கொண்டுவந்து பூட்டுங்கள். அப்படிப் பூட்டும்போது எந்த முனை பொடியில் என்று பார்த்துப் பூட்டுங்கள், சில பழைய மெசின்களில் பொசிற்றிவ்தான் பொடியில். சார்ஜ் ஏறும் பெற்றரிக்குக் கிட்ட பீடியும் வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். லைற் இல்லாத பெட்டியில் இருட்டில் ஆட்களை ஏற்றச் சொன்னால், ஏலாது என்று சொல்லுங்கள். சொன்னதற்காக ஒருவரையும் குறை பிடிக்கக்கூடாது என்று நிருவாகத்திடம் நாங்களும் கேட்கிறோம்.

வெளியே கொட்டிலுக்குள் ஒரு 35 நிற்கிறது. மீற்றரும் கொண்டுவந்திருக்கிறோம். கை வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு அங்கே வாங்க.