இல்லறமும் உணவு நியமமும்

கொழும்பிலே, பொரளைச் சந்திக்கு அண்மையிலுள்ள தமிழர் வீடொன்றிற் காலைப்பொழுதில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "இன்றைக்கு மச்சமா, மரக்கறியா?" என்பதே அக்கேள்வி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் இதே கேள்விதான். இதற்கு விடை கூறுவது பெரும்பாலும் நாட்காட்டி. வெள்ளிக்கிழமையாயின் மரக்கறி. கந்தசஷ்டி 6 நாளும் மரக்கறி. நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறிவிட்டால் 25 நாளும் பல வீடுகளில் மீன்சட்டி கவிழ்ந்தே கிடக்கும்.

நாட்காட்டி விடை கூற இயலாத வீடுகளும் இன்று உண்டு. எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கணவர் கரையோர ஊரிலே பிறந்து, மீன்குழம்போடு வளர்ந்தவர். மனைவியோ மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றை விட்டதோடு அமையாது, பால், தயிர், நெய் என்பனவற்றையும் விட்டுவிட்டார். கன்றுக்கு உரிய பாலை மனிதர் கறந்து உண்பது தகாது என்பது அவர் கொண்ட முடிவு. இம்முடிவு கணவருடையது அன்று. ஆயினும் வீட்டில் அடுப்பு ஒன்றே. ஆறு மாதத்துக்குள் கணவரின் உணவிலும் பெரும்பகுதி தாவர உணவாகவே மாறிவிடுகிறது. வெளியே சென்றால் மீன் உண்பார். வீட்டில் அதனைக் கேட்கமாட்டார். பெண்ணுக்குப் பதிலாக ஆண் இந்நியமத்தை மேற்கொண்ட வீடுகளிலும் இதுவே நிகழ்கின்றது.

இதனைப் புதுநாகரிகம் என்று நகைப்பவர் உளர். விரதம் என்பது நம்மவர்க்குப் புதியதன்று. ஒருவர் விரதம் காக்க, வீடு முழுவதும் மரக்கறி உண்பதும் புதியதன்று. புதியவை இரண்டே. விரதத்துக்கு முடிவுநாள் உண்டு; இதற்கு இல்லை. சைவ உணவில் பாலுக்கும் நெய்க்கும் உயர்ந்த இடம் உண்டு. இதில் அவற்றுக்கு இடமே இல்லை. 1944-ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்திலே டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர் நண்பர் சிலரும் சங்கம் ஒன்றை அமைத்து, பாலையும் விலக்கிய உணவினர்க்கு 'வீகன்' என்று பெயரிட்டனர். மரக்கறி உண்போரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளையும் கடையெழுத்துகளையும் இணைத்து ஆக்கிய பெயர் அது. தமிழில் இதனை 'நனிசைவம்' என்று இன்று சிலர் வழங்குகின்றனர். நனி என்றால் மிகுதி. சைவத்தினும் மிக்க சைவம் என்பது கருத்து.

ஒருவர் கொண்ட நியமத்துக்கு மற்றவர் எவ்வளவு கட்டுப்பட வேண்டும்? நியமம் கொண்டவர் மற்றவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது, அச்சொல் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே பாலை விலக்கி வாழ முயன்ற ஒருவரின் இல்லறம் நினைவுக்கு வருகின்றது. அவர் காந்தியடிகள்.

1927-ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் கதர் நிதி திரட்டுவதற்காக இலங்கைக்கு வந்தார். கஸ்தூரிபா அம்மையாரும் உடன் வந்தார். அப்போது ஒரு கூட்டத்தில், அறிமுகம் செய்தவர் தவறுதலாக அம்மையாரைக் காந்தியடிகளின் தாயார் என்று கூறிவிட்டாராம். காந்தியடிகள் அத்தவற்றைக் கடிந்துகொள்ளவில்லை. தாயைப் போலத் தம்மைப் பேணுபவர் அவரே என்ற பொருள்பட மறுமொழி கூறி, கூட்டத்தை மகிழ்வித்தார். அந்த மறுமொழிக்குப் பின்னால், உணவு பற்றி எழுந்த நெடுங்காலப் போராட்டம் ஒன்று இருந்தது. அதனைச் 'சத்திய சோதனை' என்னும் தமது வரலாற்றிலே அவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார்.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காலத்தில் அம்மையாருக்குக் குருதிப்போக்கு நோய் கண்டது. டர்பனிலே மயக்கமருந்து கொடாமலே அறுவைச் சிகிச்சை நடந்தது. உடல் மிக மெலிந்துவிடவே, மருத்துவர் மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க விரும்பினார். காந்தியடிகள் தாம் இசையவில்லை என்றார். ஆயினும் மனைவி விரும்பினால் அவர் உண்ணத் தடையில்லை என்றும் கூறினார். அம்மையாரிடம் கேட்டபோது, உயிர் போவதாயினும் அதனைத் தொடேன் என்று அவர் உறுதியாக மறுத்துவிட்டார். மருத்துவரோ தம் விருப்பப்படி உணவளிக்க உரிமை இல்லையெனில் சிகிச்சை செய்ய இயலாது என்றார். தூறல் மழையிலே, நோயாளியை அங்கிருந்து பீனிக்ஸ் குடியிருப்புக்குக் கொண்டு சென்றனர். அந்தப் பயணத்தை இன்றைய மருத்துவர் எவரும் போற்றமாட்டார். ஆயினும், எதனை உண்பது என்பதை முடிவுசெய்யும் உரிமை நோயாளிக்கே உண்டு என்பதைக் கணவர் அங்கே ஒப்புக்கொண்டார் என்பது கவனித்தற்குரியது.

பின்னர் நோய் மீண்டும் தலைகாட்டியது. உப்பையும் பருப்பையும் விட்டுப் பார்க்கும்படி காந்தியடிகள் மனைவியை வேண்டினார். பலமுறை எடுத்துரைத்தும் பயனில்லை. இறுதியில் அம்மையார், உங்களுக்கே இவற்றை விடும்படி யாரேனும் கூறினால் உங்களாலும் இயலாது என்று சொல்லிவிட்டார். உடனே காந்தியடிகள், நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஓராண்டுக்கு இரண்டையும் விட்டேன் என்று உறுதிபூண்டார். அம்மையார் திகைத்துப்போனார். தாமும் விட்டுவிடுவதாகவும், கணவர் தம் உறுதியைத் திரும்பப் பெறவேண்டும் என்றும் மன்றாடினார். கணவர் இணங்கவில்லை, மனைவி அழுதார், பிறகு அவரும் அவ்வுணவை மேற்கொண்டார். விரைவிலே உடல் தேறியது. உப்பையும் பருப்பையும் விடுவதுதான் அந்நோய்க்கு மருந்து என்று இன்றைய மருத்துவம் கூறாது. ஆனால் அந்நிகழ்ச்சியில் வேறொரு பாடம் உண்டு. பலநாட் சொல்லாற் செய்ய இயலாததை ஒருநாட் செயல் செய்துவிட்டது. அதே வேளையில், அச்செயலில் அன்போடு பிடிவாதமும் கலந்திருந்தது என்பதை அந்த அம்மையாரின் கண்ணீர் காட்டுகின்றது.

1912-ஆம் ஆண்டில், டால்ஸ்டாய் பண்ணையிலே, காந்தியடிகள் பாலையும் விட்டார். அவ்வுறுதியை அவருடன் சேர்ந்து மேற்கொண்டவர் நண்பர் காலன்பாக். பாலுக்காகப் பசுக்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைப் பற்றிக் கேள்வியுற்றதும் அதற்கு ஒரு காரணம். 6 ஆண்டுகளுக்குப் பின், 1918-இல், கேடா மாவட்டத்தில் இருந்தபோது வயிற்றுளைச்சல் அவரை வீழ்த்தியது. உயிருக்கே ஆபத்து என்னும் நிலை வந்தது. 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பம்பாயில் டாக்டர் தலால் அறுவைச் சிகிச்சை செய்தார். பால் அருந்தினாலன்றி உடலைத் தேற்ற முடியாது என்றார் அவர். பால் அருந்துவதில்லை என்று உறுதி கொண்டேன் என்றார் காந்தியடிகள். பசு, எருமை ஆகியவற்றின் துன்பமே அவ்வுறுதிக்குக் காரணம் என்பது வெளிப்பட்டதும், கட்டில் அருகே நின்றிருந்த கஸ்தூரிபா அம்மையார், அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று குறுக்கிட்டார். மருத்துவர் அச்சொல்லைப் பற்றிக்கொண்டார். காந்தியடிகள் இணங்கினார், உயிர் பிழைத்தார்.

உறுதியின் சொல்லைக் காத்தேன், பொருளைக் காக்கவில்லை என்று அவர் பின்னர் வருந்தினார். அவ்வருத்தம் அவரை விட்டு நீங்கவில்லை. ஆயினும் அந்த ஆட்டுப்பாலின் வலிமையினால் மேலும் 29 ஆண்டுகள் அவர் இந்த உலகிற் பணிசெய்தார். கஸ்தூரிபா அம்மையார் 1944-ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, ஆகா கான் மாளிகைச் சிறைக்காவலிற் காலமானார். 'வீகன்' என்னும் சொல் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

இவ்வரலாற்றிலிருந்து பொரளை வீட்டுக்குக் கிடைக்கும் பாடம் யாது? இல்லறத்திலே துணைவர் செய்யவேண்டியவை இரண்டு. ஒன்று, மற்றவரின் நியமத்தைத் தாமும் இயன்ற அளவு பகிர்தல். மற்றொன்று, அந்நியமத்தால் மற்றவரின் உடலுக்குக் கேடு வராமற் காத்தல். உப்பையும் பருப்பையும் விட்டபோது கணவர் முதலாவதைச் செய்தார். ஆட்டுப்பாலை நினைவூட்டியபோது மனைவி இரண்டாவதைச் செய்தார்.

பகிர்தல் நம் நாட்டிலே கடினமன்று. இலங்கைத் தமிழரின் அடுப்பு மாட்டுப்பாலினும் தேங்காய்ப்பாலையே பெரிதும் நம்பி நிற்பது. சொதிக்கு வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பால், இறக்கியபின் சிறிது தேசிக்காய்ப்புளி என்பன போதும். இடியப்பமும் பிட்டும் அதனோடு இறங்கும். பிஞ்சுப் பலாக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், பருப்பு ஆகிய எவையும் ஆவின்பாலைக் கேட்பதில்லை. அயல்வீட்டுச் சிங்களவர் புத்தாண்டுக்கு ஆக்கும் பாற்சோறும் தேங்காய்ப்பாற் சோறே.

கவனிக்கவேண்டியவை மறைந்திருக்கும் பொருள்கள். தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு இடிபட்டிருக்கும். கடையில் வாங்கும் சீனிச்சம்பலிலும் அது பெரும்பாலும் உண்டு. கீரைச் சுண்டலிலும் சிலர் தூவுவர். தேநீரில் பால்மா இருக்கும். ஆயினும் 2021, 2022-ஆம் ஆண்டுகளில் நாட்டிலே பால்மாவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, எத்தனையோ வீடுகள் வெறுந்தேநீருக்குப் பழகிக்கொண்டன. வறுமையும் தட்டுப்பாடும் கற்பித்ததை அன்பு கற்பிக்கமாட்டாதா?

காத்தல் என்னும் இரண்டாம் கடமைக்கு அறிவு வேண்டும். பொரளை வைத்தியசாலைகள் நிறைந்த வட்டாரம். போசாக்குப் பற்றி ஆராயும் பிரிவையுடைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேதான் உளது. அங்கு வாழ்வோர் அறிந்துகொள்ள வேண்டிய முதற்செய்தி, பீ-12 என்னும் உயிர்ச்சத்தைப் பற்றியது. இது பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல், காந்தியடிகள் மறைந்த அதே ஆண்டில். நுண்ணுயிர்கள் ஆக்கும் இச்சத்து மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 2.4 பங்கு மட்டுமே. ஈரலிற் சேமிப்பு இருப்பதனால், குறை உடனே தெரியாது. சில ஆண்டுகள் கழித்தே குருதிச்சோகையாகவும் கைகால் விறைப்பாகவும் வெளிப்படும். காந்தியடிகளை 1918-இல் வீழ்த்தியது இக்குறைதான் என்று கூறுவதற்கில்லை. ஆனால் பாலை முற்றாக விட்டவர்க்கு இன்று இக்குறைக்கு மாற்று உண்டு. நுண்ணுயிர்களைக் கொண்டே ஆக்கும் மாத்திரையை உண்டால் நியமமும் கெடாது, உடலும் கெடாது. ஆட்டுப்பாலுக்கு நேர்ந்த மனவருத்தம் இதற்கு நேராது.

எள்ளு, குரக்கன், முருங்கையிலை என்பன சுண்ணச்சத்துக்கு உதவும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்குத் தேசிக்காய்ப்புளி துணைசெய்யும். உணவுடன் தேநீர் அருந்தினால் அது குறையும். ஆகையால் சற்று நேரம் கழித்து அருந்துதல் நன்று. கருவுற்ற பெண்களுக்கும் வளரும் குழந்தைகளுக்கும் மருத்துவரின் ஆலோசனை இன்றி எதனையும் விலக்கலாகாது.

இங்கே ஒரு புதுமை உண்டு. வெளியே சிலவேளை மீன் உண்ணும் கணவருக்குப் பீ-12 கிடைத்துவிடுகிறது. நியமம் முழுதும் காக்கும் மனைவிக்கே அது கிடைப்பதில்லை. ஆகவே மாத்திரை தீரும்முன் மருந்துக்கடைக்குச் செல்ல நினைக்கவேண்டியவர் மீன் உண்பவரே.

மற்றுமொன்று சொல்லாமல் விடலாகாது. நம் வீடுகளில் பெண் விரதம் இருந்தாலும் பெண்ணே சமைக்கின்றாள். ஆண் விரதம் இருந்தாலும் பெண்ணே சமைக்கின்றாள். கணவர் புதிய நியமம் ஒன்றைக் கொண்டு, அதற்கேற்ப இரட்டைச் சமையல் செய்யும் சுமையை மனைவிமேல் ஏற்றினால், அந்நியமத்தின் புண்ணியம் யாருடையது? பசுவின் துன்பத்தைக் கண்டவர்க்கு அடுப்படியில் வியர்ப்பவரின் துன்பம் தெரியாது போகலாமா? நியமம் கொண்டவர் தேங்காய் துருவட்டும், கீரை ஆயட்டும். மீன் வேண்டுபவர் சந்தைக்குத் தாமே சென்று, தாமே வெட்டிக் கழுவி, வேறு சட்டியிற் சமைக்கட்டும். மீன் உண்பவரைக் கொலைஞர் என்று ஒருவரும், பால் விட்டவரைப் பித்தர் என்று மற்றவரும் பேசாதிருக்கட்டும்.

அவ்வாறு வாழ்ந்தால், பொரளை வீட்டின் காலைக் கேள்வியும் சற்றே மாறும். "இன்றைக்கு மச்சமா, மரக்கறியா?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்கும் வீட்டில், "இன்றைக்கு என்ன சமைப்போம்?" என்று இருவரும் சேர்ந்து கேட்பர். அந்த வீட்டிலே கத்தரிக்காய்ப் பால்கறி மட்டும் வெந்தாலும் விருந்துதான்.