சன்னலை மூடும் நாம்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் வருகிறோம். ஆலப்பாக்கம் தாண்டி செம்மங்குப்பத்தை நெருங்கியதும் ஒரு நெடி. அழுகிய முட்டையா, ஆசிட்டா, சொல்லத் தெரியவில்லை. கைக்குட்டை மூக்குக்குப் போகிறது, சன்னலை மூடுகிறோம். சிப்காட்டைக் கடந்ததும் திறந்துவிட்டு, விட்ட பேச்சைத் தொடர்கிறோம்.

குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் மக்கள் எங்கே கடந்து போவார்கள்? 1980களில் தொழிற்பேட்டை வந்தபோது வேலை வரும் என்று நம்பினார்கள். சிலருக்குக் கிடைக்கவும் செய்தது, மறுக்க வேண்டாம். ஆனால் உப்பனாற்றில் வலை வீசியவர்களுக்கு மீன் குறைந்தது.

நாற்றத்தைப் பற்றி முறையிட்டால் ஆதாரம் கேட்டார்கள். 2004-இல் அவ்வூர் மக்களே பயிற்சி பெற்று, எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன நாற்றம் என்று எழுதி வைத்தார்கள். வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்களும் இருந்தன. தான் சுவாசிக்கும் காற்று கெட்டது என்று சொல்லக்கூட ஏழைக்குச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது!

பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்லி, திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை எழுதினார். நாம் சன்னலை அல்லவா மூடிக்கொண்டோம்?

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கும் இதே சாலைதான். அப்போது மூடுவதற்குச் சன்னல் கிடையாது. இந்த ஆண்டு அங்கே சற்று நின்று, அந்த ஊர்த் தாய் ஒருவரிடம் கேட்போம்: “அம்மா, இந்தக் காற்றில் ராத்திரி பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள்?”