டபுள் கிளிக் பண்ணினா திறக்கணும்

இன்னைக்கு கட்டற்ற மென்பொருள் பத்திப் பேசப் போறேன். லைசென்ஸ் பத்தி இல்ல. நாம எழுதினதை எந்த வடிவத்துல மக்கள் கையில கொடுக்கிறோம் என்பதைப் பத்தி. நான் செஞ்ச தப்புலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க தெருவுல ஒரு அக்கா வீட்டிலேயே டிடிபி வேலை எடுத்துச் செய்றாங்க. பல வருஷத்து ஃபைல்கள் பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபாண்ட்ல இருக்கு. இப்போ எல்லாரும் யூனிகோடுலதான் கேக்கிறாங்க. அப்படி மாத்துறதுக்கு நான் பைத்தான்ல ஒரு சின்ன மென்பொருள் எழுதி வெச்சிருந்தேன். "இலவசம்தான்க்கா, யூஸ் பண்ணுங்க"ன்னு லிங்க் அனுப்பினேன். உள்ளுக்குள்ள பெருமை வேற.

ரெண்டு வாரம் கழிச்சுப் போனா, ஒரு புத்தகத்தை முதல் பக்கத்துலேர்ந்து திரும்ப டைப் பண்ணிக்கிட்டு இருக்காங்க. "நான் அனுப்பினது என்னக்கா ஆச்சு?"

"பார்த்தேன் தம்பி. எனக்குத்தான் அதெல்லாம் புரியல. உன்னை ஏன் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

அவங்க பார்த்தது ஒரு ஸிப் ஃபைல். உள்ளே சோர்ஸ் கோட். முதல்ல பைத்தான் இன்ஸ்டால் பண்ணணும், அப்புறம் கறுப்புத் திரையில கமாண்ட் அடிக்கணும். வேலையைப் பாதியில விட்டவன் நான். ஆனா குறை தன்கிட்டதான்னு அவங்க நினைச்சிருக்காங்க. அதுதான் என்னை ரொம்ப உறுத்துச்சு.

ஆடாசிட்டியை எடுத்துக்கோங்க. பாட்காஸ்ட் பண்றவங்களுக்குத் தெரியும். பல வருஷம் அதுல எம்பி3 ஃபைல் எடுக்க, லேம் என்கிற இன்னொன்றைத் தனியா டவுன்லோட் பண்ண வேண்டியிருந்தது. காரணம், எம்பி3 மேல இருந்த காப்புரிமை. 2017இல் அந்தச் சிக்கல் தீர்ந்தது. 2019இல் வந்த 2.3.2 பதிப்பில், விண்டோஸுக்கும் மேக்குக்கும் லேம் உள்ளேயே வந்துவிட்டது. பயனருக்கு ஒரு படி குறைஞ்சது, அவ்வளவுதான். ஆனா புதுசா வர்றவங்க பாதியில நிக்கிற இடமே அந்த ஒரு படிதான். விஎல்சி இத்தனை பேருக்குப் பிடிச்சதுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன். பெரும்பாலான வீடியோவுக்குத் தேவையான கோடெக் அதுக்குள்ளேயே இருக்கு. தனியா தேட வேண்டாம்.

நானும் திருத்தினேன். டபுள் கிளிக் பண்ணினா திறக்கிற ஒரே ஃபைலா மாத்தினேன். அக்கா பக்கத்துல உட்கார்ந்து, வாயே திறக்காம கவனிச்சேன். "இன்புட் என்கோடிங்" என்ற இடத்துல கை நின்னுபோச்சு. அவங்களுக்கு என்கோடிங் தெரியாது. ஃபாண்ட் பேர் நல்லாத் தெரியும். அதனால "எந்த ஃபாண்ட்ல டைப் பண்ணினது?"ன்னு மாத்தினேன். அடுத்து, "என் பழைய ஃபைல் அழிஞ்சிடுமா?"ன்னு பயந்தாங்க. "பழைய ஃபைல் அப்படியே இருக்கும்"னு ஒரு வரி சேர்த்தேன். மாத்துற கோட்ல ஒரு எழுத்தைக்கூட நான் தொடல.

மீதிப் புத்தகம் அன்னைக்கே முடிஞ்சது. ஆனா அவங்க ரெண்டு வாரமா ராத்திரி உட்கார்ந்து டைப் பண்ணின நேரத்தை என்னால திருப்பிக் கொடுக்க முடியாது.

நீங்களும் ஏதாவது எழுதி வெளியிட்டிருந்தா, கோட் தெரியாத ஒருத்தரிடம் கொடுத்துப் பாருங்க. அவங்க எங்க தடுமாறுறாங்களோ, அங்கதான் உங்க வேலை பாக்கி இருக்கு. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.