நம் காலி மனையும் நம் மண்ணும்

(விழாவையொட்டி முள்ளுக்குறிச்சியில் நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில் கட்டடக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கோவிலுக்குப் பின்னாலுள்ள காலி மனையில் சமூகக் கூடம் கட்டப் பேசத் தொடங்கி எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. மதிப்பீட்டுத் தொகையைக் கேட்டதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறோம். இம்முறை செங்கல்லும் மண்ணும் கொண்டு நாமே கட்டுவோம் என்று கேட்க வந்திருக்கிறோம்.

"மண் சுவரா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஐப்பசி மழையில் கரைந்து விழுந்த சுவரைக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் நியாயமே. ஆனால் நாங்கள் சொல்வது வேறு. மண்ணைச் சலித்து, நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமெண்டு கலந்து, கை இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் கல் அது. சூளையும் விறகும் வேண்டாம்; நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். இதற்கென்றே 1989ல் ஆரோவில்லில் ஒரு மையம் தொடங்கப்பட்டது.

செங்கல்லிலும் சிக்கனம் உண்டு. திருவனந்தபுரம் நகரின் நடுவே செங்கல்சூளை என்ற குடிசைப் பகுதி மக்களுக்கு வீடுகள் வடிவமைத்தவர், 2007ல் மறைந்த லாரி பேக்கர். அதே நகரில் 1971ல் அவர் முடித்த லொயோலா சிற்றாலயத்தில், சல்லடைபோல் அடுக்கிய செங்கற்களின் வழியே காற்றும் வெளிச்சமும் வரும். அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே இடைவெளி விடுவார்கள். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம். வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது.

சிமெண்டுக்கும் கம்பிக்கும் கொடுக்கும் பணம் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. மண்கல்லுக்குச் செலவிடுவதில் பெரும்பகுதி கூலியாக நம் வீடுகளுக்கே வரும். வெளியூரில் பிறர் மாடிகளுக்குக் கலவை சுமக்கும் நம் பிள்ளைகள் சில மாதமாவது இங்கே வேலை செய்யலாம். கல் அறுக்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே கூலி என்பது எங்களில் பலர் கருத்து. குழுவிலேயே இன்னும் ஒருமனப்படவில்லை, அதையும் மறைக்கவில்லை.

முதலில் மண்ணைப் பார்ப்போம். மேல்மண் ஆகாது, முழங்கால் ஆழத்துக்குக் கீழே தோண்டி எடுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி, இரவு முழுதும் அசையாமல் வையுங்கள். மணல் அடியிலும் களி மேலேயும் படியும். மணல் பாதியும் களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் நல்ல மண். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் தெருவுக்கொரு பாட்டில் கொண்டு வாருங்கள். கோவில் திண்ணையில் வரிசையாக வைத்துப் பார்ப்போம்.