ஆணியும் ஆணித்துப்பாக்கியும்



பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பெருவீதியில் லுணுகலை என்னும் சிறு நகரம் அமைந்திருக்கிறது. ஹொப்டன், அடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்கள் அதற்கு அண்மையில் உள்ளன. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் எழுந்த லயங்களிலேயே இத்தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். லயத்துக் கூரையின் தகரம் கழன்றாலும், கைமரம் உளுத்தாலும், தோட்டத்துத் தச்சர் வந்து பார்த்தாலன்றி வேறு வழியில்லை. எந்த ஆணி, எத்தனை ஆணி என்பதைத் தோட்டத்துப் பண்டசாலைக் கணக்குத் தீர்மானித்தது. கூரையின் கீழ்ப் படுத்திருந்தவருக்கு அதில் சொல் இல்லை.

இந்நிலை மெல்ல மாறி வருகிறது. ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் 550 சதுர அடி வீடு என்னும் அளவில், நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டங்களுக்கு இந்திய உதவியோடு 4,000 வீடுகள் என ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. 2017 மே 12ஆம் நாள் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வெளிநாட்டு உழைப்பிலும் கொழும்புச் சம்பளத்திலும் சேர்த்த காசைக் கொண்டு தாமே வீடு கட்டுவோரும் உண்டு. சொந்த வீடு என்று ஆனவுடன் கூரை ஆணியும் சொந்தப் பொறுப்பாகி விடுகிறது. சீமெந்துக்கும் கம்பிக்கும் நாள் கணக்கில் யோசிக்கும் குடும்பத்தலைவர், ஆணி என்றதும் "இரண்டு கிலோ கொடுங்கள்" என்று கடையில் சொல்லிவிட்டு வந்து விடுகிறார். வீட்டுச் செலவில் மிகச் சிறிய தொகை இதுவே. காற்று வீசும் இரவில் வீட்டைக் காப்பதும் இதுவே.

இதனிடையே ஆணித்துப்பாக்கி என்னும் விசைக்கருவியும் காசு கொடுத்தால் கிடைக்கும் பொருளாகி விட்டது. நாளெல்லாம் சுத்தியல் பிடித்துத் தோள் நொந்த தச்சுப் பாஸ் ஒருவர் அதன்மேல் ஆசை கொள்வதில் வியப்பில்லை. ஆனால் இக்கருவி எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிதல் நன்று.

அமெரிக்காவில் வீட்டின் சுவரே மரச்சட்டங்களால் ஆனது. 1830களில் சிக்காகோ நகரத்தில் மெல்லிய சட்டங்களை ஆணியால் இணைத்து வீடு எழுப்பும் முறை பரவிற்று. கொல்லர் உலையில் ஒவ்வொன்றாக அடித்த ஆணி போய், இயந்திரத்தில் வெட்டிய ஆணி மலிந்ததே அதற்கு வழி வகுத்தது. அத்தகைய வீடு ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான ஆணிகள் வேண்டும். ஆகவேதான் காற்றழுத்தத்தால் ஆணி செலுத்தும் கருவி 1950இல் அங்கே சந்தைக்கு வந்தது. காற்றுக்குழாய் வேண்டாத, வாயுக்குப்பியால் இயங்கும் கருவி 1986இல் வந்தது. நம் நாட்டு வீட்டிலோ சுவர் கல்லாலும் செங்கல்லாலும் ஆனது. மரவேலை பெரும்பாலும் கூரையோடு முடிந்து விடுகிறது. அமெரிக்கத் தச்சருக்கு இன்றியமையாத கருவி லுணுகலைத் தச்சருக்கும் அவ்வாறே இன்றியமையாததென்று எண்ணிவிடலாகாது.

எனவே கருவியைப் பின்னர்ப் பார்ப்போம். ஆணியை முதலில் பார்ப்போம்.

கூரை ஆணி எதை எதிர்த்து நிற்கிறது? ஓட்டின் பாரத்தை என்று பலரும் நினைப்பர். பாரத்தைத் தாங்குவது மரமும் சுவருமே. ஆணிக்கு வரும் சோதனை காற்றினால் வருவது. வேகமாக வீசும் காற்று கூரையை அமுக்குவதைக் காட்டிலும் மேல்நோக்கி உறிஞ்சி எடுக்கவே முயல்கிறது. இறவாரத்தின் அடியில் புகுந்த காற்றும் அதனோடு சேர்ந்து கொள்ளும். ஆனி, ஆடியில் மலைச்சரிவில் இறங்கி வீசும் கச்சானை ஊவா மக்கள் நன்கறிவர். லுணுகலையைக் கடந்து செல்லும் அதே வீதி பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்குப் போய்ச் சேர்கிறது. அவ்வீதியின் முடிவிலுள்ள மட்டக்களப்புப் பகுதியை 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு தாக்கிய சூறாவளி, எத்தனையோ கூரைகளைத் தூக்கி எறிந்ததை முதியோர் இன்றும் சொல்வர். தகரமாகிய இலேசான கூரைக்கு இவ்வபாயம் ஓட்டுக்கூரையினும் அதிகம்.

ஆணியைப் பிடித்து வைத்திருப்பது மரம். மரத்தின் அடர்த்தி அரைவாசியானால் ஆணிப்பிடியும் அரைவாசியாகும் என்று எண்ணத் தோன்றும். மரப்பொறியியலாளர் கைக்கொள்ளும் சூத்திரத்தின்படி அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்து விடுகிறது! தோட்டங்களில் நிழலுக்காக நட்டு வளர்த்த சவுக்கு மரத்துக்கும், முதிர்ந்த பலாவுக்கும், வைரம் பாய்ந்த கற்பூர மரத்துக்கும் ஒரே ஆணி போதும் என்பார் இதனைச் சிந்திக்க வேண்டும். மென்மரத்துக்கு நீண்ட ஆணியும் கூடுதலான ஆணியும் தேவை. வன்மரத்திலோ ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும். ஆணியின் பருமனிலும் சற்றே சிறிய துளையை முன்னரே இட்டு அடிப்பதே முறை.

ஈரமரத்தின் கேடு இதனினும் பெரிது. அறுத்த கையோடு கொண்டுவந்த பச்சை மரத்தில் ஆணி இனிதாக இறங்கும், பாஸும் மகிழ்வார். மரம் உலர்ந்து சுருங்கிய பின்னர், சில மரவகைகளில் அந்த ஆணி தன் பிடியில் முக்கால் பங்கையும் இழந்து விடக்கூடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆணி இருந்த இடத்திலேயே இருக்கும். பிடி மட்டும் இராது. விலையுயர்ந்த ஆணி வாங்குவதைக் காட்டிலும் மரத்தைச் சில மாதம் நிழலில் அடுக்கி உலர்த்துவது பெரும் பயன் தரும். கட்டி முடிக்க நாட்குறித்த அவசரத்தில் இது பெரும்பாலும் நடப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

நீளத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மேலே வைக்கும் மரத்தின் தடிப்பைப் போல இரண்டரை மடங்கு, குறைந்தது இரண்டு மடங்கு, ஆணியின் நீளம் இருத்தல் வேண்டும். கைமரத்தின் மேல் குறுக்கே செல்லும் ரீப்பை ஓரங்குலத் தடிப்பானால் இரண்டரை அங்குல ஆணி. அதில் ஒன்றரை அங்குலம் கைமரத்துக்குள் இறங்கும். மரத்தின் அறுத்த முனையில், நார் ஓடும் திசையிலேயே அடித்த ஆணிக்குப் பிடி குறைவு. அத்தகைய பொருத்தை ஆணியிடம் மட்டும் ஒப்படைத்தல் தகாது.

ஆணியின் உடலும் ஒன்றுபோல் அன்று. வழுவழுப்பான ஆணி சாதாரணமானது. உடலில் வளையம் வளையமாக வெட்டுள்ள ஆணி, மரநாரைக் கவ்விக்கொண்டு எளிதில் உருவி வராது. காற்றுக்கு அஞ்சும் கூரைக்கு அதுவே உகந்தது. பூச்சிலும் கவனம் வேண்டும். மின்முறையில் நாகம் பூசிய ஆணி பளபளக்கும். ஆனால் பூச்சு மெல்லியது. உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்த ஆணி மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். மழையும் மூடுபனியும் படும் இடத்தில் நீண்ட காலம் நிற்பது அதுவே. செம்பு சேர்ந்த மருந்தூட்டிப் பதப்படுத்திய மரத்தில் சாதாரண ஆணி விரைவில் அரிக்கப்படும் என்பதையும் மறக்கலாகாது.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். கைச்சுத்தியல் எந்த ஆணியையும் அடிக்கும், துப்பாக்கி அடிக்காது. அது தனக்கென்று கோத்த ஆணிச்சரத்தையே உண்ணும். சட்டவேலைத் துப்பாக்கிகளுக்குரிய சரங்கள் சாய்வினால் வேறுபடுகின்றன. 21 பாகை சாய்வுள்ளவை பிளாஸ்டிக்கால் கோத்தவை. முழு வட்டத்தலை உடையவை. 28 பாகையுள்ளவை மெல்லிய கம்பியால் இணைத்தவை. 30 முதல் 34 பாகை வரையுள்ளவை காகிதப்பட்டையில் நெருக்கமாக ஒட்டியவை. இவற்றுட் பல, தலையின் ஒரு பக்கம் வெட்டுண்டவை. 15 பாகையில் சுருளாக வரும் ஆணியும் உண்டு. ஒருவகைக்குரிய துப்பாக்கியில் மற்றொரு வகைச் சரத்தை இட்டால் சிக்கிக் கொள்ளும், அல்லது கோணலாகப் பாயும். பாகை ஒத்தால் மட்டும் போதாது. ஆணியின் பருமனும் நீளமும் தலையின் வடிவும் கருவிக்குரிய கைந்நூலில் சொன்ன எல்லைக்குள் இருத்தல் வேண்டும். இக்கருவிகள் பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் முதல் 90 மில்லிமீற்றர் வரை, அதாவது இரண்டங்குலம் முதல் மூன்றரை அங்குலம் வரை, நீளமுள்ள ஆணிகளைச் செலுத்தும்.

ஆகவே வாங்க நினைப்பவர் கடைக்காரரிடம் கருவியின் விலையைக் கேட்குமுன் இதற்குரிய ஆணி பதுளையில் கிடைக்குமா, பண்டாரவளையில் கிடைக்குமா, உலர்ந்த வன்மரத்துக்குரிய பருமனில் உண்டா, தோய்த்தெடுத்த நாகப்பூச்சில் உண்டா என்று கேட்பாராக. இல்லையென்றால் யானையை வாங்கிவிட்டுத் தழைக்கு அலைந்தவன் கதையாகும்.

இயக்கும் ஆற்றலும் மூவகை. காற்றழுத்தத்தால் இயங்குவது விலை குறைந்தது, கட்டமைப்பில் எளியது, நெடுநாள் உழைப்பது. சதுர அங்குலத்துக்கு 70 முதல் 120 இறாத்தல் வரையான அழுத்தம் அதற்குப் போதும். ஆனால் காற்றழுத்தி இயந்திரத்தை மலைச்சரிவில் சுமந்து ஏற்றவும், அதற்கு மின்சாரம் கொடுக்கவும் வேண்டும். பாதி கட்டிய வீட்டில் மின்சாரம் ஏது? வாயுக்குப்பியால் இயங்குவதற்குக் குழாய் இல்லை. ஆனால் குப்பி தொடர்ந்து கிடைக்க வேண்டும், கருவியை அடிக்கடி துப்புரவு செய்ய வேண்டும், கடுங்குளிரிலும் மிக உயர்ந்த இடத்திலும் அதன் வலு குறையும். மின்கலத்தால் இயங்குவது கையாள எளியது. எனினும் கனமானது, விலையும் கூடியது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் மின்னேற்றியில் எத்தனை வோல்ற்று என்று பார்த்துக் கொள்க. அமெரிக்காவின் 120 வோல்ற்றுக்கு மட்டுமே செய்த பொருளை இங்குள்ள 230 வோல்ற்றில் நேரே செருகினால் எரிந்து போகும்.

விசையின் வகையே எல்லாவற்றினும் முக்கியம். சில துப்பாக்கிகளில் விசையை அழுத்தியபடியே மூக்கை மரத்தில் தொடும் போதெல்லாம் ஆணி பாயும். வேறு சிலவற்றில் முதலில் மூக்கை மரத்தில் அழுத்தி, பின்பே விசையை இழுக்க வேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் இதே ஒழுங்கு. முதல்வகை வேகமானது; விபத்தும் அதற்கே ஏறத்தாழ இருமடங்கு. 2001 முதல் 2005 வரையான காலத்தில் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 37,000 பேர் ஆணித்துப்பாக்கிக் காயத்தோடு அவசர சிகிச்சைக்குச் சென்றனர் என்பது அந்நாட்டு அரசு நிறுவனங்களின் கணக்கு. கூரைமேல் ஒரு கையால் கைமரத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்யும் தச்சருக்கு இரண்டாம் வகையையே வாங்கித் தர வேண்டும். மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி பாயும் இடத்திலிருந்து ஓரடியேனும் தள்ளி இருக்கட்டும். கண்ணாடி அணியாமல் விசையைத் தொடலாகாது. ஆணி சிக்கினால், காற்றுக்குழாயையோ மின்கலத்தையோ கழற்றிய பின்பே திறத்தல் வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரைக் காற்றுக்குப் பதிலாக இணைப்பது வெடிக்கும் செயல்.

துப்பாக்கி நுழையக் கூடாத இடங்களும் உள. அஸ்பெஸ்டாஸ் தகட்டில் அதனைப் பிரயோகித்தால் தகடு உடைவதோடு, சுவாசப்பைக்குக் கேடான தூசும் பறக்கும். தகரத்துக்கு அகன்ற தலையுள்ள கூரை ஆணி அல்லது இறப்பர் வளையத்தோடு கூடிய திருகாணி வேண்டும்; அதனைத் தகரத்தின் மேட்டில் இறுக்க வேண்டும், பள்ளத்தில் அன்று. ஓரங்குலச் சவுக்கு ரீப்பையின் நுனியில் துப்பாக்கியின் தடித்த ஆணி பாய்ந்தால் பிளவு நிச்சயம். அவ்விடத்தில் மெல்லிய ஆணியும் சுத்தியலுமே தகும். சுவர்மேல் கிடக்கும் மரத்தைக் காங்கிரீட்டில் முன்னரே பதித்த போல்ற்றினாலும், கைமரத்தை அச்சுவர்மரத்தோடு இரும்புப் பட்டையினாலும் கட்டுவது, சாய்த்தடித்த நான்கு ஆணியிலும் உறுதியானது. அப்பட்டைக்குக் குட்டையான, தடித்த ஆணி தேவை; சாதாரணத் துப்பாக்கியின் மூக்கு பட்டையின் துளையைக் கண்டுபிடிக்காது.

ஒரே ஒரு வீடு கட்டுபவர் துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. 550 சதுர அடிக் கூரைக்கு நல்ல தச்சர் இருவரும் இரு சுத்தியலும் போதும்; அக்காசு, தோய்த்தெடுத்த வளைய ஆணிக்கும் இரும்புப் பட்டைக்கும் போகட்டும். ஆண்டு முழுதும் கூரை ஏற்றும் தச்சுக் குழுவினர் கூட்டாக ஒன்று வாங்கினால் தோளுக்கும் தொழிலுக்கும் நன்மையே. வாங்கிய அன்றே கூரைக்கு ஏறிவிடாமல், அதே மரத்தின் கழிவுத் துண்டில் பத்து ஆணி செலுத்திப் பார்ப்பார்களாக. ஆணித்தலை மரத்தின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே புதைந்தால் மேல்நார் அறுந்து பிடி குறையும். அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். வெளியே துருத்தினால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சவுக்குக்கு வைத்த அளவு பலாவுக்கு ஒத்து வராது. மரம் மாறும் போதெல்லாம் இந்தப் பரீட்சையும் மறுபடி.