கரிசல் மண்ணும் சுவர் வெடிப்பும்

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் நிலம் சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பு இருந்த இடமே தெரியாது. காரணம், அந்த மண்ணில் உள்ள மான்ட்மோரில்லோனைட் வகைக் களிக் கனிமங்கள்.

களித்துகள் எல்லாமே 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவைதான், குணம்தான் வேறு. பீங்கானுக்குப் பயன்படும் கயோலினைட்டின் அடுக்குகள் இறுகப் பிணைந்தவை, இடையில் தண்ணீர் புகாது. மான்ட்மோரில்லோனைட்டில் பிணைப்பு தளர்வு. தண்ணீர் உள்ளே புகுந்து அடுக்குகளை விலக்கிவிடும். ஒரு கிராமின் மொத்தப் பரப்பு கயோலினைட்டில் சுமார் 10 முதல் 20 சதுர மீட்டர். இதிலோ 800 வரை போகும்.

அதனால் கரிசலில் வீடு அமிழ்வதைவிட மேலே தூக்கப்படுவதே பெரிய தொல்லை. அதுவும் ஒற்றைத்தள வீட்டுக்குத்தான். மண்ணின் உப்பலை அமுக்க அதற்குக் கனம் போதாது. வெளிச்சுவரின் அடிமண் மழையில் நனையும், நடுவீட்டு மண் காய்ந்தே கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் எழும்ப, ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாகக் கீறும். பூசி மறைப்பது வீண்செலவு.

ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, அடியில் குமிழ்போல் விரியும் பைல் அஸ்திவாரம் ஈரம் மாறாத ஆழத்தில், சுமார் 3.5 மீட்டரில், பிடித்து நிற்கும். சாலைக்குச் சுண்ணாம்பு கலப்பார்கள்: கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, துகள்கள் திரண்டு உப்பல் குறையும்.